129 ஓட்டு

வணக்கம் நேயர்களே. 2004 நவம்பர் என்றதும் பலருக்கும் அமெரிக்க அதிபர் தேர்தலில் நடந்த புஷ்-கெர்ரி போட்டிதான் ஞாபகம் வரும். அதே நாளில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆளுநர் தேர்தலும் நடந்தது. அங்கே ஆளுநர் என்றால் நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி, ஆனால் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஜனநாயகக் கட்சிக்கு கிறிஸ்டீன் கிரெக்வார், குடியரசுக் கட்சிக்கு டீனோ ராஸி. விழுந்த ஓட்டு ஏறத்தாழ 28 லட்சம். எண்ணி முடித்தபோது ராஸி 261 ஓட்டில் முன்னிலை. இவ்வளவு நெருக்கம் என்றால் சட்டப்படி மறுபடி எண்ண வேண்டும். இயந்திரத்தில் திரும்ப எண்ணினார்கள், வித்தியாசம் 42 ஆகச் சுருங்கியது. அப்புறம் ஜனநாயகக் கட்சி 7 லட்சம் டாலருக்கு மேல் கட்டி, கையாலேயே எண்ணுங்கள் என்று கேட்டது.

அந்தச் சமயத்தில்தான், சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கவுன்சில் தலைவர் லாரி பிலிப்ஸ், தள்ளுபடியான தபால் ஓட்டுகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பெயரே அதில் இருந்தது! கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கணினியில் மாதிரிக் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான். காகிதக் கோப்பை எடுத்துப் பார்த்திருக்க வேண்டியவர்கள் பார்க்காமலே ஓட்டைத் தள்ளிவிட்டார்கள். தேடினால் அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவர் கவுன்சில் தலைவர், பட்டியலைப் பார்க்க முடிந்தது. மற்றவர்கள் தங்கள் ஓட்டு எண்ணப்பட்டது என்றே நம்பிக்கொண்டு இருந்திருப்பார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

அவற்றையும் பரிசீலிக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அவற்றைச் சேர்க்காமலே, கையால் எண்ணியதில் கிரெக்வார் 10 ஓட்டு முந்தியிருந்தார். சேர்த்த பிறகு 129. குடியரசுக் கட்சி வழக்குப் போட்டது. சட்டவிரோதமான ஓட்டுகள் ஆயிரத்துக்கு மேல் விழுந்திருக்கின்றன என்று நீதிபதி ஒப்புக்கொண்டார், ஆனால் அவை யாருக்கு விழுந்தன என்பதற்கு ஆதாரம் இல்லையே என்று 2005 ஜூனில் வழக்கைத் தள்ளினார். ராஸியும் மேல்முறையீடு செய்யவில்லை.

இதில் என் மனசில் நிற்கிறவர், மாநில அரசில் தேர்தல் பொறுப்பைக் கவனித்த மாநிலச் செயலர் சாம் ரீட். குடியரசுக் கட்சிக்காரர். நவம்பர் கடைசியில் தன் கட்சியின் ராஸி வென்றதாகச் சான்றளித்தார். டிசம்பர் 30 அன்று, கட்சிக்காரர்களின் கோபம் தெரிந்தும், கிரெக்வார் வென்றதாகச் சான்றளித்தவரும் அவர்தான்.