பின்களத்தில் நிற்பவரின் தலை
(கால்பந்துச் சங்கப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பரிசுகளை வழங்க வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, சங்கத்தின் செயலாளர், பொருளாளர் அவர்களே, காலையிலிருந்து வெயிலில் நின்றுவிட்டு அப்படியே இங்கே வந்திருக்கும் நடுவர்களே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் ஜெர்சியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய ஐயா அவர்கள் கோல் அடித்தவர்களைப் பற்றி அருமையாகச் சொன்னார்கள். நான் கோல் விழாமல் காத்தவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். பின்களத்தில் நின்று கோலைத் தடுக்கும் ஒரு டிஃபெண்டர் எப்படி உருவாகிறார், அவருக்கு என்ன கிடைக்கிறது, அவர் உடம்பு என்ன ஆகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி. டிஃபெண்டர் உருவாவது அப்படித்தான். கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கருக்கு ஒரு நாள் கால் வாய்த்தால் போதும், மறுநாள் பத்திரிகையில் படம் வந்துவிடும். பின்களத்தில் நிற்பவர் 89 நிமிடம் சரியாக ஆடி, 90-ஆவது நிமிடத்தில் ஓர் அடி தள்ளி நின்றுவிட்டால் அந்த ஓர் அடியைத்தான் ஊரே பேசும். இத்தாலியின் பாவ்லோ மால்தீனி 1985-இல், 16 வயதில், ஏசி மிலான் அணிக்கு ஆட வந்தார். 2009-இல் நாற்பதைத் தொட்ட பிறகுதான் ஓய்வு பெற்றார். ஒரே கிளப், 900-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். சறுக்கி விழுந்துதான் பந்தைப் பறிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மால்தீனியின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே, நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றிருப்பார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு, எதிராளியைக் கோட்டோரமாகவே ஒதுக்கிக்கொண்டு போவார். ஜெர்சியில் மண் ஒட்டாது. அந்த இடம் தெரிவதற்குத்தான் வருஷக்கணக்கில் பழக வேண்டும்.

சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் இப்போது வந்து அமர்கிறார்கள். எத்தனையோ வேலைகளுக்கு நடுவே கால்பந்துக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, ஐயா. மைதானத்துக்கு விளக்கு போட்டுக் கொடுத்ததற்கும் இந்த மேடையிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

சரி, டிஃபெண்டருக்கு என்ன கிடைக்கிறது? உலகின் சிறந்த கால்பந்து வீரருக்குத் தரும் பாலோன் தோர் விருதை, ஆண்கள் பிரிவில், 2006-இல் இத்தாலிய டிஃபெண்டர் ஃபாபியோ கன்னவாரோ வாங்கினார். அதற்கப்புறம் எந்த டிஃபெண்டருக்கும் அது கிடைக்கவில்லை. ஒப்பந்தம், ஊதியம், ஓய்வுக்குப் பிந்தைய பிழைப்பு என்று இதில் பேச நிறைய இருக்கிறது. ஆனால் ஜர்னைல் சிங்கைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. நம் அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அடுத்த ஆண்டே புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. கேப்டன் சுனி கோஸ்வாமி. பின்களத்தின் நடுவில் ஜர்னைல் சிங், பிரிவினையின்போது, இன்று பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூர்ப் பக்கத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. அவர் நிற்கிற பக்கம் போக முன்கள வீரர்கள் யோசிப்பார்கள். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். அடுத்து தாய்லாந்து. அந்த ஆட்டத்தில் ஜர்னைலுக்குத் தலையில் அடி. தையல் போட்டார்கள். ஆட்டத்தை ஜெயித்தோம், ஆனால் பின்களத்தின் தூண் படுக்கையில்.

அரையிறுதி வந்தது, தென்வியட்நாமோடு. ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? தலையில் தையலோடு இருந்தவரை மறுபடி களத்தில் இறக்கினார். அதுவும் பின்களத்தில் இல்லை, முன்களத்தின் நடுவில், சென்டர் ஃபார்வர்டாக! ஜர்னைல் ஒரு கோல் போட்டார், 3-2 என்று ஜெயித்தோம். செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே அதே தென்கொரியா. இந்திய அதிகாரி ஒருவரின் பேச்சால் மைதானம் முழுக்க நம் அணிமேல் கோபமாக இருந்தது. நம் வீரர்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல். கோலில் நம் பீட்டர் தங்கராஜ், நெடுநெடுவென்று. 17-ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிடம் கழித்து இன்னொரு கோல். போட்டது யார்? தையல் போட்ட தலையோடு நின்ற அதே ஜர்னைல் சிங்! கடைசியில் கொரியா ஒன்று திருப்பியது, 2-1. தங்கம் நமக்கு.

கைதட்டுகிறீர்கள், நானும் தட்டுகிறேன். ஆனால் இன்று ஒரு வீரருக்கு அப்படித் தலையில் அடிபட்டால், மூளை அதிர்ச்சி இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அவரைக் களத்துக்குள் விடக் கூடாது. விதிகளும் மாறிவிட்டன. தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக, வழக்கமான மாற்றுக் கணக்கில் சேராமல் இன்னொருவரை இறக்க இப்போது இடம் உண்டு. அந்த வீரத்தைப் போற்றுவோம். அதையே பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடமாக்கக் கூடாது.

பெரிய அடியாவது கண்ணுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது தெரியாத அடியை. எறும்பு ஊரக் கல்லும் தேயும். எதிரணி கோல்கீப்பர் ஓங்கி உதைக்கும் பந்து யார் தலையில் இறங்குகிறது? பின்களத்தின் நடுவில் நிற்கும் சென்டர் பேக்கின் நெற்றியில். கார்னர் வந்தால் முதலில் எம்பி முட்டுவது அவர்தான். ஆட்டத்தில் சில தடவை, பயிற்சியில் அதைவிடப் பல தடவை. மயக்கம் வராது, ரத்தம் வராது, ஒருவரும் எண்ணுவதும் இல்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் எண்ணிப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மூளை நரம்புகள் சிதையும் நோயால் வீரர்கள் இறப்பது மூன்றரை மடங்கு அதிகம். 2021-இல் அதையே, களத்தில் ஆடிய இடவாரியாகப் பிரித்தார்கள். கோல்கீப்பர்களுக்குக் குறிப்பிடும்படியான கூடுதல் ஆபத்து இல்லை. டிஃபெண்டர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. எவ்வளவு அதிக வருஷம் ஆடினார்களோ அவ்வளவு ஆபத்து. முட்டுவதுதான் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் கையால் பந்து பிடிப்பவர் தப்பிக்கிறார், தலையால் முட்டுபவர் மாட்டிக்கொள்கிறார் என்றால் நாம் யோசிக்க வேண்டாமா?

1958-இல் உலகக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாரே பிரேசில் கேப்டன் பெல்லினி, அவர் ஒரு சென்டர் பேக். 2014-இல் இறந்தார். அல்சைமர் என்று நினைத்திருந்தார்கள். மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் மூளைச் சிதைவும் இருந்தது. 1966-இல் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் பின்களத்தில் ஆடிய ரே வில்சன், ஜாக் சார்ல்டன் இருவருமே நினைவு மங்கித்தான் போனார்கள். நம் காலத்து ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் ரஃபேல் வரான், 2018 உலகக் கோப்பை வென்றவர், 31 வயதில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அவர் ஒரு பேட்டியில், ஏழு வயது மகனிடம் பந்தைத் தலையால் முட்டாதே என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். மகன் விஷயத்தில் அவருக்கு இருக்கிற தெளிவு நமக்கு வேண்டும்.

அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டக் கூடாது என்று விதி போட்டு ஆண்டுகள் ஆகின்றன. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கிடையாது. பெரிய தொழில்முறை வீரர்களுக்கே, வேகமாக வரும் பந்துகளை வாரத்துக்குப் பத்துக்கு மேல் பயிற்சியில் முட்ட வேண்டாம் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். இங்கே நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பந்தைக் கையால் தூக்கிப் போட்டு, "கண்ணை மூடாதே, முட்டு" என்கிறோம். அந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்துத் தசை மெலிது. கண்ணீர் வந்தால் "பழகிடும்" என்கிறோம். பயிற்சியாளர்களே, உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும், பிள்ளையின் தலை கல்கூட இல்லையே!

முட்டாமல் டிஃபெண்டர் எப்படி உருவாவார் என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வயதுவரை இடம் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள், உடம்பைத் திருப்பி நிற்க, பந்தை மார்பில் வாங்க, தரையில் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். முட்டுவதை அப்புறம் லேசான பந்தில் தொடங்கலாம்.

தலைவர் அவர்களே, இரண்டே இரண்டு விதிகளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பயிற்சியிலும் போட்டியிலும் தலையால் முட்டக் கூடாது, போட்டியில் முட்டினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். எந்த வயதானாலும் தலையில் அடிபட்டவர் அன்று மறுபடி ஆடக் கூடாது, கேப்டன் கெஞ்சினாலும் சரி, தகப்பனார் கெஞ்சினாலும் சரி. அடுத்த பருவத்துக்கான விதிப்புத்தகம் அச்சுக்குப் போகும் முன் இதைச் செயற்குழுவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தாளைச் செயலாளர் அவர்கள் கையில் கொடுக்கிறேன். நன்றி, வணக்கம்.