பாண்டுங்ல ஆரம்பிச்ச பஞ்சாயத்து

நேயர்களுக்கு வணக்கம். வளரும் நாடுகளுக்கு யாருங்க தலைவர்னு கேட்டு என்னைக் கூப்பிட்டிருக்காங்க, நான் நேரா 1955 ஏப்ரலுக்குப் போயிடறேன்.

இந்தோனேசியால பாண்டுங்னு ஒரு ஊர். ஆசியா, ஆப்பிரிக்கால இருந்து 29 நாடுங்க வந்திருக்கு, இந்தோனேசியாவோட சுகர்னோ, நம்ம நேரு, சீனாவோட சூ என்லாய், எகிப்தோட நாசர்னு பெரிய தலைங்க எல்லாம் அங்கதான். கூட்டத்தைக் கூட்டின அஞ்சு நாட்டுல இலங்கையும் ஒண்ணு. அதோட பிரதமர் சர் ஜான் கொத்தலாவல எழுந்து, வெள்ளைக்காரன் காலனியை மட்டும் திட்டுறோமே, கிழக்கு ஐரோப்பால சோவியத் பண்றதுக்கு என்ன பேருங்கிற மாதிரி போட்டு உடைச்சுட்டார். சூ என்லாய்க்கு முகம் மாறிப்போச்சு. நேரு கடுப்பாகி, பேசறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஏன் காட்டலைன்னு கேட்க, நான் ஏன் காட்டணும், உங்க பேச்சை எங்கிட்ட காட்டிட்டா பேசறீங்கன்னு இவர் திருப்பிக் கேட்டாராம். இதை கொத்தலாவலயே பின்னாடி எழுதி வெச்சிருக்கார், அதனால கொஞ்சம் அவர் பக்கம் சாய்ஞ்சுதான் இருக்கும்னு வைங்க! ஆனா சின்ன நாடு பெரிய நாட்டைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் தீரல.

இப்ப பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா சேர்ந்த பிரிக்ஸ்னு ஒரு கூட்டணி இருக்கே, முதல்ல தென்னாப்பிரிக்கா இல்லாத 'பிரிக்'ங்கற பேரே 2001ல கோல்ட்மேன் சாக்ஸ்ங்கற அமெரிக்க முதலீட்டு பேங்க்ல இருந்த ஜிம் ஓ'நீல் முதலீட்டுக் கணக்குக்காக வெச்சது, நாடுங்க அப்புறமாத்தான் அந்தப் பேருக்குள்ள குடி வந்துச்சு. அவங்க ஆரம்பிச்ச பேங்கைப் பாருங்க, ஆரம்ப உறுப்பினர் அஞ்சு பேருக்கும் சரிசமமா பங்கு, சீனாவோட பொருளாதாரம் மத்த நாலையும் சேர்த்தாக்கூட அதைவிடப் பெருசு, இருந்தும் ஓட்டு ஒரே அளவுதான். ஆபீஸ் ஷாங்காய்ல, முதல் தலைவர் இந்தியாவோட கே.வி.காமத். உனக்கு இது எனக்கு அதுன்னு பேரம் பேசிப் பிரிச்சுக்கிட்டாங்க, யாரும் யாருக்கும் தலைவர்னு ஒத்துக்கல.

2023 ஆகஸ்ட்ல ஜோகன்னஸ்பர்க்ல புதுசா ஆறு நாட்டைக் கூப்பிட்டாங்க. அதுல ஒண்ணான அர்ஜென்டினால டிசம்பர்ல மிலே புது அதிபரா வந்ததும் எங்களுக்கு வேணாம்னு லெட்டர் போட்டுட்டார். அப்ப யோசிக்கறோம்னு ஒதுங்கின இந்தோனேசியா, ஆட்சி மாறினதும் 2025 ஜனவரில உள்ள வந்துடுச்சு. ஆக கூட்டாளி யாருங்கறதை அந்தந்த நாட்டுத் தேர்தல்தான் முடிவு பண்ணுது. நம்ம இந்தியாவையே எடுத்துக்கோங்க, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோட சேர்ந்த குவாட் கூட்டணிலயும் இருக்கு, சீனா, ரஷ்யாவோட பிரிக்ஸ்லயும் இருக்கு. இரட்டை வேஷம்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல, ரெண்டு கடைலயும் அக்கவுண்ட் வெச்சிருக்கறவனுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி.

2026ல பிரிக்ஸ் தலைமை இந்தியா கைல. நீல நைல்ல எத்தியோப்பியா கட்டின அணையால எங்க குடிதண்ணிக்கே ஆபத்துங்குது எகிப்து, ரெண்டும் மெம்பர். அந்தப் பக்கம் மூணு தீவுக்காக வருஷக்கணக்கா மல்லுக்கட்டற ஈரானும் எமிரேட்ஸும், அதுங்களும் மெம்பர். யாரை யாரு பக்கத்துல உக்கார வெக்கறதுன்னு டெல்லில நாற்காலி போடறவர் பாடுதான் திண்டாட்டம்.