இரண்டரை மணி நேர எபேசு

தலைவர் அவர்களே, நூலகரே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம்.

‘கிரேக்க, ரோமானிய இடிபாடுகளில் ஒரு பயணம்’ என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். படித்தால் ஏதோ ஆறு மாதம் தங்கி ஆராய்ந்துவிட்டு வந்தவன் மாதிரி இருக்கிறது. நான் பார்த்தது ஒரே ஊர். பார்த்த நேரம் இரண்டரை மணி. அதிலும் அரை மணி நேரத்தைத் தோல் சட்டை விற்கிற ஒரு கடை தின்றுவிட்டது. பயணத் திட்டத்தில் அந்தக் கடை இல்லை. பேருந்து தானாகப் போய் அங்கே நின்றது. தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். சட்டை வாங்காமல் எழுந்துவர நான் பட்ட பாடு தனிக் கதை, அதை விடுங்கள்.

ஊரின் பெயர் எபேசு. பைபிள் வாசித்தவர்களுக்கு எபேசியர் நிருபம் ஞாபகம் வரும். துருக்கியின் மேற்குக் கரைப் பக்கம், செல்ச்சுக் என்ற சின்ன ஊரை ஒட்டி இருக்கிறது. ‘கிரேக்க ஊரைப் பார்க்கத் துருக்கிக்கு எதற்கு?’ என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கரையின் பழைய பெயர் அயோனியா. கிரேக்கர்கள் குடியேறிய பன்னிரண்டு அயோனிய நகரங்களில் எபேசும் ஒன்று. அயோனியரைப் பாரசீகர் யௌனா என்றார்கள். அதுதான் ஊர் ஊராக உருமாறி நம் சங்கப் பாடல்களில் யவனர் என்று வந்து இறங்கியது. நம்மிடம் மிளகு வாங்க வந்தவர்கள் எபேசுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. பெயரின் வேர் அந்தக் கரையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கிரேக்க ஊர் எப்படி ரோமானிய ஊர் ஆயிற்று? கி.மு. 133இல் பெர்கமோன் அரசன் மூன்றாம் அட்டலோஸ் வாரிசு இல்லாமல் இறந்தான். இறக்கும்போது நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டான். அந்தச் சொத்தில் எபேசும் சேர்த்தி. கைடு இதைச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்களில் பலருக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவன் நான். உயில் என்று காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன். அந்த நிமிஷமே முடிவு செய்தேன்: கைடு பேசுகிறபடி பேசட்டும், நாம் கல்லில் எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கிரேக்கமும் லத்தீனும் எனக்குத் தெரியாது. யார், யாருக்கு, என்ன எழுதிக்கொடுத்தார் என்று கைடைக் கேட்கலாமே.

அந்த இடத்துக்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். பேருந்து மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் போய்க் காத்திருக்கும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த வழியைத்தான் கேட்டு வாங்க வேண்டும், மாற்றிப் போனால் முழுக்க ஏற்றம். பளிங்குப் பாதை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். நிழல் என்று பேருக்குக்கூடக் கிடையாது. தூண்களின் மேல் பூனைகள் மட்டும் ஜமீன்தார் மாதிரி படுத்திருக்கின்றன. எல்லார் காதிலும் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். கைடு முன்னால் போகப் போக அவர் குரல் மட்டும் பின்னால் வருகிறது. அப்புறம் வேறு கூட்டத்தின் கைடு குரலும் அதில் கலக்கிறது. நைக்கி என்ற வெற்றித் தேவதையின் சிற்பத்தைக் காட்டி ஷூ கம்பெனி ஜோக் ஒன்று சொன்னார். எனக்கு முன்னால் போன கூட்டத்திலும் அதே ஜோக், பின்னால் வந்த கூட்டத்திலும் அதே ஜோக்.

சரிவு முடிகிற இடத்தில் செல்சஸ் நூலகம். படத்தில் பார்த்திருப்பீர்கள், இரண்டு அடுக்குத் தூண்களோடு எழுந்து நிற்கும் முகப்பு. நிற்கும் என்று சொல்கிறேனே தவிர, அது விழுந்து கிடந்தது. ஆஸ்திரிய அகழ்வாய்வாளர்கள் 1970 முதல் 1978 வரை துண்டு துண்டாக எடுத்து நிறுத்தியது. முகப்பில் நான்கு பெண் சிலைகள் உண்டு, ஞானம், அறிவு, சிந்தனை, நற்குணம் என்று. நாம் பார்ப்பது நகல்தான். மூலம் வியன்னாவில் இருக்கிறது.

செல்சஸ் கி.பி. 92இல் ரோமில் கான்சல் என்ற மிக உயர்ந்த பதவி வகித்தவர், பிறகு இந்த மாகாணத்துக்கே ஆளுநராக வந்தவர். அவர் நினைவாக மகன் அக்விலா கட்ட ஆரம்பித்ததுதான் நூலகம். அப்பாவின் கல் பெட்டி நூலகத்துக்கு அடியிலேயே இருக்கிறது. ஊருக்குள் அடக்கம் செய்வது அங்கே எல்லாருக்கும் கிடைக்கிற மரியாதை இல்லை. இனி என் தொழில் சமாச்சாரம். மகனும் வேலை முடிவதற்குள் இறந்துவிட்டார். மீதியை வாரிசுகள் முடித்தார்கள், அரிஸ்டியன் என்பவர் மேற்பார்வை பார்த்தார். புத்தகம் வாங்கவும் பராமரிப்புக்கும் என்று 25,000 தினாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக் காசு, ஒதுக்கிய விவரம் கல்லிலேயே இருக்கிறது. கட்டடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் புத்தகத்துக்குப் பணம் வைக்காமல் போகிற தர்மவான்களை நாமும் பார்த்திருக்கிறோம். நூலகர் சிரிக்கிறார் பாருங்கள், அவருக்குத்தான் அந்த வலி தெரியும். 12,000 புத்தகச் சுருள்களுக்கு இடம் இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் உள்ளே தீப்பிடித்து ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை.

எல்லாரும் நூலகத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் வலது தோளை இடித்துக்கொண்டு மூன்று வளைவுள்ள வாசல் ஒன்று இருக்கிறது. சந்தைக்குப் போகிற வழி. கைடு அதற்கு ஒதுக்கியது ஒரு நிமிஷம். நான் இரண்டரை மணி நேரத்தில் கண்ட நல்ல பொருள் அதுதான் என்பேன்.

கட்டியவர்கள் மசேயஸ், மித்ரிதாத்தஸ் என்று இரண்டு பேர். இரண்டு பேரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். மித்ரிதாத்தஸ் என்பது பாரசீகப் பெயர், மித்ரன் என்ற தெய்வம் தந்த பிள்ளை என்று பொருள். ஆண்டு கி.மு. 4 அல்லது 3. பக்கவாட்டில் முன்னால் நீண்டிருக்கும் இரண்டு பகுதிகளிலும் லத்தீன். அதில் தங்கள் பழைய எஜமானர்களுக்கு எழுதியிருக்கிறார்கள்: பேரரசன் அகஸ்டஸ், மனைவி லிவியா, மருமகன் அக்ரிப்பா, மகள் ஜூலியா. உள்ளே தள்ளியிருக்கும் நடுப்பகுதியில் கிரேக்கம். அங்கே எஜமானர்களோடு ஊர் மக்களுக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ரோமுக்குத் தெரிய வேண்டியது ரோமின் பாஷையில், ஊருக்குத் தெரிய வேண்டியது ஊரின் பாஷையில். எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர், எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஒரு அடிமையின் பெயர் விலைப் பட்டியலில்தான் இருந்திருக்கும். இங்கே தலைக்கு மேலே வெகு உயரத்தில் பேரரசனின் பெயரோடு ஒரே கல்வெட்டில் இருக்கிறது. இன்னொன்று, எழுதிய மை காயவில்லை என்போமே, அந்த மாதிரி, கி.மு. 2இல் அகஸ்டஸ் தன் மகள் ஜூலியாவை நாடு கடத்திவிட்டான். கல்லில் அவள் பெயர் அப்படியே இருக்கிறது.

அந்த வாசல் பக்கம் யாரோ கிறுக்கிய இன்னொரு வரி, கைடு சிரித்துக்கொண்டே சொன்னது: இங்கே சிறுநீர் கழிப்பவன் மேல் ஹெக்கட்டே தேவி கோபிப்பாள். நம் ஊர்ச் சுவரில் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டுகிறோமே, அதே வேலை.

அங்கிருந்து தியேட்டருக்குப் போகிற பாதையில் கூட்டம் மொய்க்கிற ஒரு கல். ஒரு கால் தடம், ஒரு பெண்ணின் தலை, பக்கத்தில் சில கீறல்கள். தாசி வீட்டுக்கு வழி காட்டும் உலகின் முதல் விளம்பரம் இது என்று எல்லாக் கைடுகளும் சொல்கிறார்கள். பெயர் இல்லை, தேதி இல்லை, ஒரு எழுத்து இல்லை. என் அலுவலகத்தில் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அதிகம் பேர் படம் எடுத்தது அந்தக் கல்லைத்தான்.

தியேட்டர் பெரிது. 24,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். ஆர்ட்டெமிஸ் தேவியின் வெள்ளிக் கோயில் பொம்மை செய்து விற்ற தட்டார்கள், பவுலின் பிரசங்கத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கலகம் செய்தது இங்கேதான். ‘எபேசியருடைய தியானாளே பெரியவள்’ என்று இரண்டு மணி நேரம் கத்தினார்களாம். தமிழ் பைபிளில் ஆர்ட்டெமிஸ்தான் தியானாள். எங்கள் சுற்றுலா முழுவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் கொடுத்தார்கள்.

ஆனால் எனக்கு அந்தத் தியேட்டரின் தெற்கு நுழைவுச் சுவர்தான் முக்கியம். கி.பி. 104இல் சலுத்தாரிஸ் என்ற செல்வந்தர் தேவிக்கு எழுதிவைத்த தானப் பத்திரம் அந்தச் சுவரில் இருந்தது. 568 வரி! தங்கத்திலும் வெள்ளியிலும் இத்தனை உருவங்கள், இன்ன நாளில் ஊர்வலமாக எடுத்து வர வேண்டும், வட்டிப் பணத்தில் இன்னாருக்கு இவ்வளவு, மீறினால் அபராதம் என்று நிபந்தனை மேல் நிபந்தனை. அந்தக் காலத்து ஆவண எழுத்தர் யாரோ, கை எடுத்துக் கும்பிடலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆர்ட்டெமிஸ் கோயில் உலக அதிசயம் ஏழில் ஒன்று. ஆனால் அது எங்கே இருந்தது என்றே பல நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயர் ரயில் நிலையங்கள் வடிவமைக்கத் துருக்கிக்கு வந்தவர். ரயிலை விட்டுவிட்டு 1863இல் கோயிலைத் தேட ஆரம்பித்தார். மூன்று வருஷம் குழி தோண்டினார், பலன் இல்லை. 1866இல் இந்தப் பத்திரம் கிடைத்தது. ஊர்வலம் கோயிலில் புறப்பட்டு மக்னீசிய வாசல் வழியாக ஊருக்குள் வர வேண்டும் என்று அதில் இருந்தது. மனிதர் என்ன செய்தார்? அந்த வாசலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பழைய பாதையைப் பிடித்துக்கொண்டே தோண்டிப் போனார். 1869 டிசம்பர் 31ஆம் தேதி, ஏறத்தாழ 20 அடி ஆழத்தில், கோயிலின் பளிங்குத் தரை தட்டுப்பட்டது. பத்திரத்தில் நான்கெல்லை சரியாக எழுதினால் காணாமல் போன கோயிலைக்கூட மீட்கலாம். இதை நான் தொழிலில் இருந்தபோதே தெரிந்துகொண்டிருந்தால் கட்டணத்தை ஏற்றியிருப்பேன்.

தியேட்டரிலிருந்து நேராகக் கீழே ஓடுகிற தெரு துறைமுகத் தெரு. இரவில் இதில் ஐம்பது விளக்குகள் எரிந்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. தெரு முடிகிற இடத்தில் கடலைத் தேடினேன். புல்லும் நாணலும்தான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்து, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஊர் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாகக் கோயில். வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, பத்தே நிமிஷம் என்றார்கள். கி.மு. 356இல் ஹெரோஸ்ட்ராட்டஸ் என்பவன், தன் பெயர் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று இந்தக் கோயிலுக்குத் தீ வைத்தான். அவன் பெயரை யாரும் உச்சரிக்கவே கூடாது என்று ஊர் தடை போட்டது. இப்போது நான் மைக்கில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு மறுபடி கட்டிய கோயிலில் 127 தூண்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்குச் சொல்கிறார். இன்று நிற்பது ஒன்று. அதுவும் கிடைத்த துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. சுற்றிலும் சதுப்பு, கொஞ்சம் தவளைச் சத்தம், வாத்துகள்.

தூணின் உச்சியில் செங்கால் நாரை ஒன்று கூடு கட்டி உட்கார்ந்திருந்தது. வருஷா வருஷம் வரும் என்றார் கைடு. சலுத்தாரிஸின் பத்திரம் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கோயிலின் சிற்பங்களும் அங்கேதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அந்த இடத்துக்கு இன்றைய அனுபவதாரர் நாரைதான். டிரைவர் ஹாரன் அடித்தார், ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.