ட்ரூ பேரிமோரோட பாட்டி குரலாலயா சினிமாவ விட்டாங்க?

அடுத்த கேள்வி, ஹாலிவுட் நடிகை ட்ரூ பேரிமோர் குடும்பத்தப் பத்தி. "ட்ரூ பேரிமோரோட பாட்டி பெரிய ஊமைப்பட நடிகையாமே, பேசும் படம் வந்ததும் குரல் சரியில்லன்னு ஒதுக்கிட்டாங்களாமே, உண்மையா சார்?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு.

இல்லப்பா, அது பாதிதான் உண்மை. அந்தம்மா பேரு டோலோரஸ் காஸ்டெல்லோ, 1903ல பிட்ஸ்பர்க்ல பிறந்தவங்க. அப்பா மாரிஸ் காஸ்டெல்லோ விட்டாகிராஃப்ங்கிற சினிமா கம்பெனியோட பெரிய ஹீரோ, அம்மாவும் நடிகை, தங்கச்சி ஹெலனும் நடிகை. 1909லயே, அதாவது பள்ளிக்கூடம் போற வயசுலயே அப்பா கூட கேமரா முன்னாடி வந்து நின்னுட்டாங்க.

இங்க ஒரு விஷயத்த நல்லா கவனிங்க. அந்தக் கால ஃபிலிம் சிவப்ப வாங்காது, சிவப்பெல்லாம் கருப்பாத்தான் விழும், அதனால கன்னத்துல லேசா சிவப்பு இருந்தாக்கூட திரையில அழுக்கு மாதிரி தெரியும்னு முகம் முழுக்க களிம்பு மாதிரி கெட்டியா மேக்கப்ப அப்பி விடுவாங்க. சின்னப் பிள்ளைங்க முகம்ங்க அது! இத ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வருவேன்.

பெரியவளானதும் வார்னர் பிரதர்ஸ்ல சேர்ந்தாங்க, 1926ல ஜான் பேரிமோர் கூட 'தி சீ பீஸ்ட்' பண்ணாங்க, அந்தப் படத்துல மலர்ந்த காதல்தான் 1928ல கல்யாணத்துல முடிஞ்சுது. பேரிமோர்னா சும்மா இல்ல, அண்ணன் லயனல், அக்கா எதெல், எல்லாரும் மேடைய ஆண்ட குடும்பம். அதே 1928ல 'நோவாஸ் ஆர்க்'னு ஒரு படம், வெள்ளம் வர்ற சீன்ல நிஜமாவே தண்ணிய அப்படியே மனுஷங்க மேல திறந்து விட்டாங்க, துணை நடிகர்கள் நிறைய பேருக்கு அடி. எனக்கு அந்த சீன பாக்கவே மனசு பதறும்.

இப்ப குரல் விஷயம். லேசா மழலை மாதிரி உச்சரிப்பு இருந்துச்சு, அது நிஜம். ஆனா வாத்தியார் வச்சு ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்து சரி பண்ணிட்டாங்க. அப்புறம் நடுவுல ஏன் விலகுனாங்கன்னா, 1930ல மகள், 1932ல மகன் (இவர்தான் ட்ரூவோட அப்பா), குழந்தைங்கள வளக்கணும், வீட்டுக்காரர் பெரும் குடிகாரர் வேற. 1935ல விவாகரத்து ஆச்சு. குரல் போயிருந்தா 1936ல 'லிட்டில் லார்ட் ஃபாண்டில்ராய்'ல பையனோட அம்மாவா திரும்பி வந்து நடிச்சிருக்க முடியுமா சொல்லுங்க?

அவங்க கேரியர முடிச்சது அந்த மேக்கப்புதான். பல வருஷமா பூசுனதுல தோல் கெட்டுப்போய், கடைசியில மறைக்கவே முடியாத நிலைமை ஆயிருச்சு. 1943க்கு அப்புறம் படமே இல்ல, கலிஃபோர்னியாவுல அவகாடோ தோட்டத்த பாத்துக்கிட்டு ஒதுங்கி இருந்தாங்க. 1970கள்ல வீட்டுக்குள்ள வெள்ளம் புகுந்து, பேரிமோர் கூட வாழ்ந்த காலத்து சாமான், சினிமா ஞாபகப் பொருள் எல்லாம் போச்சு. 1979 மார்ச்ல இறந்தாங்க, பேத்தி ட்ரூவுக்கு அப்ப 4 வயசு.

தம்பி, நேரம் கிடைச்சா 1942ல ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' பாருங்க. இசபெல்ங்கிற அம்மா அவங்கதான். கண்ண மூடிக்கிட்டு அந்தக் குரல மட்டும் கொஞ்ச நேரம் கேளுங்க.