153 மீனும் நாலு நம்பரும்

நடுவர் ஐயா அவர்களுக்கும் எதிரணியினருக்கும் பினாங்குத் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். முந்தைய பேச்சாளர் வணக்கம் சொல்லியே பாதி நேரத்தை முழுங்கிவிட்டார். நான் அந்தத் தப்பைச் செய்வதாக இல்லை. வேதாகமத்தைப் புரிந்துகொள்ளப் பெரிதும் துணை நிற்பது ஆராய்ச்சி அறிவா, விசுவாச அனுபவமா என்பது தலைப்பு. நான் ஆராய்ச்சிக் கட்சி. தலைப்பு முடிந்தது, கதைக்கு வருவோம்.

பட்டர்வொர்த்தில் எனக்கு ஒரு மாமா. பெயர் வேண்டாம், அத்தை பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் யோவான் 21ஆம் அதிகாரம். திபேரியா கடல், இராமுழுக்க ஒன்றும் அகப்படாத வலை, விடிந்ததும் கரையில் இயேசு, வலை நிறைய 153 பெரிய மீன்கள். போதகர் உருகி உருகிப் பேசுகிறார். சனம் கண்ணைத் துடைக்கிறது. மாமாவும் சட்டைப்பையில் கைவிட்டார். கைக்குட்டை வரும் என்று பார்த்தால் பேனா வந்தது! உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: சுழியம், ஒன்று, ஐந்து, மூன்று.

கடைசி ஆமென் சொல்லி முடிக்கவில்லை, வெளியே மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது. நேரே நாலு நம்பர் கடை, அதாவது நாலு இலக்க லாட்டரி விற்கிற இடம். “பெரிசு அஞ்சு வெள்ளி, சின்னது அஞ்சு வெள்ளி.” இரண்டு தினுசுப் பந்தயம், ஆக மொத்தம் பத்து ரிங்கிட். சாயங்காலம் குலுக்கல். விழவில்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை.

வேறு ஆளாக இருந்தால் அதோடு விட்டிருப்பார். மாமா விசுவாச வீரர். எதிரணி கேட்கிற அனுபவம், ஏவுதல், உள்ளுணர்வு எல்லாம் அவரிடம் மூட்டையாக இருந்தது. அடுத்த வாரம் மெத்தூசலா 969 வருஷம் உயிரோடிருந்தார் என்று வாசித்தார்கள். 0969 எழுதினார். மெத்தூசலா பிழைத்தார், மாமாவின் பத்து வெள்ளி பிழைக்கவில்லை. ஆபிரகாம் 318 ஆட்களோடு லோத்தை மீட்கப் போனாரே, 0318. லோத்து வந்தார், லாட்டரி வரவில்லை. சாலொமோன் பாடிய பாட்டுகள் 1005 என்று ராஜாக்கள் புத்தகத்தில் பார்த்தபோது மாமாவுக்கு வியர்த்துவிட்டது. முன்னால் சுழியம்கூடப் போட வேண்டாம், கர்த்தரே நாலு இலக்கமாகக் கொடுத்திருக்கிறார்! அந்த வாரம் ஐம்பது வெள்ளி போனது. அத்தை போட்ட பாட்டு ஆயிரத்தாறாவது.

போதகருக்கு விஷயம் எட்டியது. பாவம், பிரசங்கத்தில் எண்ணே சொல்லாமல் சமாளித்தார். “சில மீன்கள்”, “பல வருஷங்கள்” என்றே ஓட்டினார். மாமா விடுவாரா? பாட்டுப் புத்தகத்து எண்ணை எழுதினார். அதுவும் போச்சு. கடைசியில் ஒரு ஞாயிறு முதல் பரிசு விழுந்த எண் எது தெரியுமா? போதகரின் கார் நம்பர்! மாமா இன்றைக்கும் புலம்புகிறார்: “மாப்பிள்ளை, உள்ளே உட்கார்ந்து பிரசங்கம் கேட்ட நேரத்துக்கு வாசலில் நின்ற காரைப் பார்த்திருக்கலாம்டா.”

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த 153-ஐப் பெரிய பெரிய மேதைகளும் விட்டுவைக்கவில்லை. புனித அகஸ்டின் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153. பதினேழு என்றால் கட்டளைகள் பத்து, ஆவியானவரின் வரங்கள் ஏழு என்றார். இன்னொரு பழைய திருச்சபை அறிஞர் ஜெரோம், மீன்களில் 153 வகை உண்டென்று கிரேக்கர் எழுதியிருப்பதாகச் சொல்லி, எல்லா இனத்தாரும் வலைக்குள் வருவதன் அடையாளம் அது என்றார். இரண்டையும் ஏற்காத அறிஞர்களும் உண்டு. எனக்கும் அகஸ்டின் கணக்கு கொஞ்சம் இழுத்துப் பிடித்த மாதிரிதான் படுகிறது. அது கிடக்கட்டும்.

மாமா எண்ணைப் பார்த்த அவசரத்தில் அதே அதிகாரத்தில் இன்னொன்றைக் கோட்டைவிட்டார். கரையில் கரிநெருப்பு எரிகிறது. மூன்று அதிகாரம் பின்னால் புரட்டுங்கள். பிரதான ஆசாரியனுடைய முற்றத்திலும் கரிநெருப்பு. அந்த இடத்தில்தான் பேதுரு, தாம் இயேசுவின் சீடர் இல்லை என்று மூன்று தரம் மறுத்தார். இங்கே அதே மாதிரி ஒரு நெருப்பை மூட்டி, மீன் சுட்டு, முதலில் சாப்பிட வைத்து, அப்புறம்தான் இயேசு அதே பேதுருவிடம் மூன்று தரம் கேட்கிறார்: “என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?” புரட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் இது கிடைக்கும். புரட்டுவதற்குப் பெயர்தான் ஐயா ஆராய்ச்சி.

சரி, எதிரணித் தலைவர் என்ன சொல்லிக் கைதட்டு வாங்கினார்? “என் பாட்டிக்குக் கிரேக்கமும் தெரியாது, எபிரேயமும் தெரியாது, நேரே பரலோகம் போனாள். நீங்கள் அகராதியைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நில்லுங்கள். படிக்கப் படிக்க விசுவாசம் ஆறிப்போகும்” என்றார். ஆறிப்போகுமா? ஐயா, நாம் நிற்பது பினாங்கு மண். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், அயுத்தியாவில் 1665-இல் குருக்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய குருமடம் 1808-இல் இந்தத் தீவுக்கு வந்தது. காலேஜ் ஜெனரல், இன்றைக்கும் நடக்கிறது. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்த இம்பெர், சஸ்தான் என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் பிறகு கொரியாவுக்குப் போனார்கள். 1839-இல் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தார்கள். அங்கே லத்தீன் படித்துவிட்டு ஊர் திரும்பிய வியட்நாம் மாணவர்களும் அப்படியே செத்தார்கள். ஆறிப்போன விசுவாசத்துக்கு யாராவது கழுத்தை நீட்டுவார்களா?

அடுத்து, அந்தப் பாட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்ட வேதப்புத்தகம் தமிழில் இருந்ததே, அது வானத்திலிருந்து விழுந்ததா? சீகன்பால்க் என்ற ஜெர்மானியர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். டேனிஷ் அதிகாரி பிடித்துக் கோட்டையில் நாலு மாதம் அடைத்தும் வேலை நிற்கவில்லை. கிரேக்கத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். அச்சடிக்கப் போனால் காகிதம் போதவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் தடித்தடியாக இருந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள்! 1715-இல் புத்தகம் முடிந்தது, 1719-இல் அவர் கண்ணை மூடினார், வயது 36. பாட்டிக்குக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லைதான். பாட்டிக்காக ஒருத்தன் அதைத் தெரிந்துகொண்டான்.

இன்னும் இரண்டு அகச்சான்று வைத்திருந்தேன், மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, ஒரு நிமிடம். அவர் பாட்டியைப் பற்றிப் பேசியதால் எனக்கு என் அப்பாயி நினைப்பு வந்துவிட்டது.

அப்பாயி கெடா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். கைநாட்டு. பொழுது சாய்ந்தால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் எங்கள் வாசலில் கூடுவார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்ற என் பெரிய அத்தை மண்ணெண்ணெய் விளக்கடியில் வேதம் வாசிப்பார். இரண்டு வசனத்துக்கு மேல் அப்பாயி போக விடமாட்டார். “நில்லுடி, முன்னே என்ன சொன்னான்? திரும்ப வாசி” என்பார். ஒருநாள், ஒரு சின்னப் பையன் கொண்டுவந்த ஐந்து அப்பம், இரண்டு மீனால் இயேசு பெரிய கூட்டத்துக்கே சாப்பாடு போட்ட கதை. அப்பாயி கேட்டாராம்: “ஏன்டி, அந்தச் சின்னப் பையன் தானாவா அப்பம் சுட்டுக்கிட்டு வந்திருப்பான்? அவன் ஆத்தா விடியக்காலையில எந்திரிச்சுக் கட்டிக் குடுத்திருப்பா. அவ பேரு எங்கடி எழுதியிருக்கு?”

அத்தைக்குப் பதில் தெரியவில்லை. போதகரிடம் கேட்டார், உபதேசியாரிடம் கேட்டார். எழுதப்படவே இல்லை என்று தெரிந்த அன்றைக்கு அப்பாயி ரொம்ப நேரம் பேசவில்லையாம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, எட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு மரம் வெட்டப் போனவர் அவர். அவர் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக இல்லை. தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தில்கூட கணக்கெழுதுகிற கிராணி தப்பாகத்தான் எழுதி வைத்திருந்தார். நம் முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கிறதோ, எனக்குச் சொல்ல வரவில்லை.

எழுத்து தெரியாத பெண்மணி, எழுதாமல் விட்டது என்ன என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தக் குருமடத்தில் ஐயா இடம் கொடுக்க மாட்டார்கள்? எதிரணித் தலைவரே, உங்கள் பாட்டியும் கேட்டிருப்பார். உங்களுக்குத்தான் காதில் விழவில்லை. இரண்டு பாட்டிகளுக்கும் எங்கள் அணிப் பக்கம் நாற்காலி போடச் சொல்லுங்கள் நடுவர் ஐயா. மாமாவை வேண்டுமானால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.