சாம் என்னும் தோட்டக்காரன்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மக்காச்சோளக் காடு. இரண்டு பேர் மூட்டை முடிச்சோடு நடந்து போகிறார்கள். பின்னால் வருகிறவன் சட்டென்று நின்றுவிடுகிறான். இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால், பிறந்ததிலிருந்து வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்ததே இல்லை என்றாகிவிடும் என்கிறான். கூட வந்தவன் வா என்று கூப்பிடுகிறான். அவன் அந்த ஒரு அடியை வைக்கிறான்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் முதல் பாகத்தில் வரும் காட்சி இது. மொத்தத்தில் ஒரு நிமிடம் இருக்கும். இதைப் பார்த்தபோதுதான் அந்தப் படம் எனக்குச் சொந்தமானது.

எனக்கு 22 வயது வரை மேட்டுப்பாளையம்தான் எல்லை. சந்தைக்கு இறங்குவோம், வனபத்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுபடி மலை ஏறிவிடுவோம். அக்காவைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தபோதுதான் முதன்முதலாக அதைத் தாண்டினேன். பஸ் ஊரை விட்டு வெளியே வந்ததும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் தரை சமமாகக் கிடந்தது. மலையே இல்லாத ஊரில் திசை எப்படித் தெரியும் என்று அப்பாவிடம் கேட்டது நினைவிருக்கிறது.

சோளக்காட்டில் நின்றவன் பெயர் சாம். சாம்வைஸ் காம்ஜீ. தோட்டக்காரன், தோட்டக்காரரின் மகன். நான் இங்கே அரசு தாவரவியல் பூங்காவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு முன்னால் அப்பாவும் அதே பூங்காவில்தான். இத்தனை பெரிய படத்தில், ராஜாக்களும் மந்திரவாதிகளும் நிறைந்த ஒரு கதையில், எங்கள் தொழில் செய்கிறவன் ஒருவன் கடைசி வரை வருகிறான். அவனை வைத்துத்தான் இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மோதிரம் இருக்கிறது. வைத்திருப்பவரின் மனதைக் கெடுத்துவிடும் மோதிரம். அது உருவான எரிமலையின் நெருப்பிலேயே போட்டால்தான் அழியும். அதைச் சுமந்துபோகும் பொறுப்பு ஹாபிட் என்ற குள்ளமான மக்களில் ஒருவனான ஃபுரோடோவுக்கு வருகிறது. அவன் வீட்டுத் தோட்டக்காரன் சாம் கூடவே போகிறான். ஜே. ஆர். ஆர். டோல்கியன் எழுதி 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த கதை. அதை பீட்டர் ஜாக்சன் 2001, 2002, 2003 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று படங்களாகத் தந்தார். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய பிரான் வால்ஷ், பிலிப்பா போயன்ஸ் இருவரும் பெண்கள்.

என் மகன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் படத்தின் டிவிடி பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். ஜனவரி மாதம், வெளியே உறைபனி. காந்தலில் எங்கள் வீட்டில் கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான். மூன்று படத்தையும் முடிக்கப் பத்து ராத்திரி ஆனது. படத்தை எப்படி எடுத்தார்கள் என்று காட்டும் டிஸ்க்குகளும் அந்தப் பெட்டியில் இருந்தன. அவற்றையும் விடவில்லை.

எல்லாம் நியூசிலாந்தில் எடுத்தது. ஜாக்சனின் ஆட்களுக்குத் தலைமையிடம் வெலிங்டன் நகரம். நம் குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனுக்கும் அந்த வெலிங்டனுக்கும் பெயர் வந்தது ஒரே ஆளால்தான், வெலிங்டன் பிரபு. நியூசிலாந்தில் மட்டமாட்டா என்ற ஊருக்கு அருகே ஒரு ஆட்டுப் பண்ணையில் ஹாபிட்களின் கிராமத்தை அமைத்தார்கள். புல் மேடும் ஆடுகளும் சாண்டிநல்லா பக்கம் போய் நின்றது போலவே இருக்கும்.

அந்தக் கிராமத்தில் பூச்செடிகளையும் காய்கறிகளையும் படப்பிடிப்புக்கு ஒரு வருடம் முன்னாலேயே நட்டுவிட்டார்கள். மகன் இதைச் சொன்னதும் படத்தை நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தேன். நேற்று நட்ட செடியையும் வேர் பிடித்த செடியையும் எங்களால் ஒரே பார்வையில் பிரித்துச் சொல்ல முடியும். புதிதாக நட்ட செடியின் தண்டைச் சுற்றி மண் அமுங்கிக் கிடக்கும். இலைகள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். சில வாரம் போனால்தான் எல்லா இலையும் வெளிச்சத்தின் பக்கம் திரும்பி, பக்கத்துச் செடியோடு தோள் உரசி நிற்கும். இங்கே மே மாத மலர்க் கண்காட்சிக்கு டிசம்பர், ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கிவிடுவோம். நாற்று பனியில் கருகாமல் இருக்க கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து போர்த்துவோம். நான்கைந்து மாதப் பாடு, சில நாள் காட்சி. அவர்கள் ஒரு வருடம் பொறுத்திருந்தார்கள். அந்தக் கிராமம் உண்மையான ஊராகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பூங்காவின் மேல்பக்கம் தோடர்களின் குடியிருப்பு, மந்து, இருப்பது உங்களுக்குத் தெரியும். அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற அவர்களுடைய பழைய வீடு. உள்ளே போக உடம்பை நன்றாகக் குறுக்க வேண்டும். சாமின் ஊரில் மந்திரவாதி காண்டால்ஃப் ஒரு ஹாபிட் வீட்டுக்குள் நுழையும்போது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது. காண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் அங்கே உத்தரத்தில் தலையை முட்டிக்கொள்கிறார். அது திட்டமிடாமல் நடந்தது. அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள். ஒரே வீட்டை இரண்டு அளவில் கட்டியிருந்தார்கள், ஆளைப் பெரிதாகக் காட்ட ஒன்று, சிறிதாகக் காட்ட ஒன்று. குதிரை வண்டியில் காண்டால்ஃபும் ஃபுரோடோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருவது போல இருக்கும். உண்மையில் ஃபுரோடோ நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறான். தொட்டபெட்டாவில் வெளியூர்க்காரர்கள் சூரியனைக் கையில் பிடிப்பது போல போட்டோ எடுக்கிறார்களே, அதே வித்தைதான். தூரத்தில் தெரியும் ஹாபிட்கள் பல இடங்களில் கிரண் ஷா. நைரோபியில் பிறந்த, நம் இந்திய வம்சாவளிக்காரர். உயரம் நான்கு அடியும் கொஞ்சமும்.

சரி, சாமுக்கு வருகிறேன். நடித்தவர் சீன் ஆஸ்டின். எஜமானுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு வரும் வேலைக்காரன் என்றால் சினிமாவில் பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் வைத்திருப்பார்கள். ஆஸ்டின் அவனை அடுத்த வேலை என்னவென்று தெரிந்த மனிதனாக நடித்தார். அடுப்பு மூட்ட விறகு, போர்வை, தண்ணீர், உப்பு. சொந்த ஊர் உப்பை ஒரு சின்னப் பெட்டியில் அத்தனை தூரம் கொண்டுவருகிறான். வாணலியும் வைத்திருக்கிறான். ஆபத்து வந்தபோது அதையே எடுத்து அடிக்கிறான்.

ஃபுரோடோவுக்கு விஷக் கத்தியால் காயம் படும் இடத்தில், அரசன் அரகார்ன் ஒரு மூலிகையின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று சாமிடம் கேட்கிறார். சாமுக்குப் புரியவில்லை. ஊரில் வழங்கும் பெயரைச் சொன்னதும், அது களைச்செடி ஆயிற்றே என்கிறான். அந்த ஒரு பதிலில் தொழில் தெரிகிறது. ராஜாவுக்கு மருந்து, தோட்டக்காரனுக்குக் களை. அடுத்த நொடியே தேடிப் பறிக்க ஓடுகிறான். இரண்டாம் பாகத்தில், மோதிரத்தின் மேல் ஆசை விடாமல் கூடவே வரும் கோல்லம் என்ற பிராணிக்கு உருளைக்கிழங்கு என்றால் என்னவென்று விளக்குகிறான். வேகவைக்கலாம், மசிக்கலாம், குழம்பில் போடலாம். எதிரியின் நாட்டு எல்லையில் நின்றுகொண்டு கிழங்கின் அருமையைச் சொல்கிறவனை ஊட்டிக்காரர்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆஸ்டின் இதற்காக உடம்பைப் பெருக்க வைத்தார். ஹாபிட்கள் செருப்புப் போடாதவர்கள். ரோமம் உள்ள ரப்பர் பாதங்களைத் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே ஒட்டிக்கொள்ள வேண்டும், கழற்றினால் கிழிந்துவிடும், மறுநாள் வேறு ஜோடி. முதல் பாகத்தின் முடிவில், படகில் தனியாகப் போகும் ஃபுரோடோவை நோக்கி நீச்சல் தெரியாத சாம் தண்ணீரில் இறங்குகிறான் அல்லவா? அந்தக் காட்சியை எடுக்கும்போது தண்ணீருக்குள் கிடந்த கண்ணாடி ரப்பர் பாதத்தையும் தாண்டி ஆஸ்டினின் காலில் ஏறிவிட்டது. ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் பாகத்தில் ஒரு செங்குத்தான படிக்கட்டு. கோல்லமின் சூதால் மனம் திரிந்த ஃபுரோடோ, நீ வீட்டுக்குப் போ என்று சாமிடம் சொல்கிறான். சாம் உடைந்து அழுகிறான். அழும் ஆஸ்டினை எடுத்ததற்கும், போகச் சொல்லும் எலைஜா வுட்டின் முகத்தை எடுத்ததற்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு வருடம். திரையில் இருவர் கண்ணும் ஒன்றையொன்று விட்டு விலகவில்லை. ஒரு வருடத்துக்கு முன் நடந்த அழுகையை மனதில் வைத்துக்கொண்டு அந்த இளைஞர் எலைஜா இவ்வளவு இறுகிய முகத்தைக் காட்டியிருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அப்புறம் எரிமலைச் சரிவு. இருவருக்கும் எழ முடியவில்லை. தண்ணீர் இல்லை. சாம் ஃபுரோடோவை மடியில் சாய்த்துக்கொண்டு ஊரைப் பற்றிப் பேசுகிறான். இனி அங்கே வசந்தம் வரும், பழத்தோட்டங்கள் பூக்கும், கீழ்வயலில் பார்லி விதைப்பார்கள், முதல் ஸ்ட்ராபெரி வரும் என்கிறான். சாம்பலும் நெருப்பும் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், ஊரில் இப்போது என்ன விதைக்கிற நேரம் என்று அவனுக்குத் தெரிகிறது. தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும். அப்பா கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபோது என் பெயர்கூட அவருக்குத் தடுமாறியது. டேலியா கிழங்கைத் தோண்டி எடுத்து வைத்தாயா என்று மட்டும் சரியான மாதத்தில் கேட்டார். ஸ்ட்ராபெரியின் ருசி ஞாபகம் இல்லை என்கிறான் ஃபுரோடோ. அந்த மோதிரத்தை உனக்காக நான் சுமக்க முடியாது, உன்னைச் சுமக்க முடியும் என்று சொல்லித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறான் சாம்.

மேட்டில் எரு மூட்டை ஏற்றியவள் நான். சுமையோடு ஏறுகிறவரின் முகம் அழகாக இருக்காது. ஆஸ்டின் தன் முகத்தை அழகாக வைத்துக்கொள்ளவில்லை. அழுக்கும் கண்ணீரும் மூச்சும்தான் தெரிகின்றன.

மற்றவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். அரகார்னாக நடித்த விகோ மார்ட்டென்சன், படப்பிடிப்பு தொடங்கிய பிறகு இன்னொருவருக்குப் பதிலாக வந்தவர். மகன் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டார். இரும்புத் தொப்பி ஒன்றை உதைத்துக் கதறும் காட்சியில் அவருடைய கால் விரல்கள் உண்மையாகவே உடைந்தன, அந்தக் கதறல்தான் படத்தில் இருக்கிறது. கெட்ட மந்திரவாதி சாருமானாக வரும் கிறிஸ்டோபர் லீ டோல்கியனை நேரில் சந்தித்தவர், புத்தகத்தை ஆண்டுதோறும் படித்தவர். கோல்லமுக்கு உயிர் தந்த ஆண்டி சர்கிஸின் முகத்தை நாம் கோல்லமாகப் பார்ப்பதில்லை, கணினி வரைந்த உருவம்தான் தெரியும். அசைவும் குரலும் அவருடையவை. தொண்டையில் முடி சிக்கிய பூனை இருமுவதைப் பார்த்து அந்தக் குரலைப் பிடித்தாராம்.

வானொலியில் பேசுவதால் இரண்டு ஒலிச் செய்திகள். பில்போ கிழவராக நடித்த இயன் ஹோம், 1981-இல் பிபிசி இதே கதையை நாடகமாக ஒலிபரப்பியபோது ஃபுரோடோவாகப் பேசியவர். குரலால் மோதிரத்தைச் சுமந்தவர் 20 ஆண்டு கழித்து அதை இன்னொருவனிடம் விட்டுப்போகும் முதியவராக வந்து நின்றார். இன்னொன்று, இரண்டாம் பாகத்துக் கோட்டைப் போரில் பல்லாயிரம் அரக்கர் படை எழுப்பும் ஆரவாரம். வெலிங்டனில் கிரிக்கெட் பார்க்க வந்த 25,000 பேரை இடைவேளையில் கத்தச் சொல்லிப் பதிவு செய்தது அது. ஜாக்சனே மைதானத்தில் நின்று கத்தச் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாம் பாகத்துக்கு 11 ஆஸ்கர் விருதுகள். நடிப்புக்கு அதில் ஒன்றுகூட இல்லை. ஆஸ்டின் பெயர் போட்டியிலேயே வரவில்லை. அமெரிக்க நடிகர் சங்கம் மொத்த நடிகர் குழுவுக்கும் சேர்த்து ஒரு விருது கொடுத்தது. எனக்கு அது பத்தாது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. புத்தகத்தை மகன் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. தேவதை போன்ற கலாட்ரியல் எல்லோருக்கும் பரிசு தரும்போது, சாமுக்குத் தன் பழத்தோட்டத்து மண்ணை ஒரு சின்ன மரப்பெட்டியில் தருகிறாள். உள்ளே ஒரே ஒரு விதை. படத்தில் அவனுக்குக் கயிறுதான். புத்தகத்தில் ஊர் திரும்பும்போது மரங்களெல்லாம் வெட்டுண்டு கிடக்கின்றன. சாம் ஊரெங்கும் கன்று நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த மண்ணில் ஒரு துளி வைக்கிறான். விதையை ஊர் மைதானத்தில் ஊன்றுகிறான். நம் பக்கம் குலதெய்வக் கோவிலிலிருந்து பிடிமண் கொண்டுபோய் வேறு ஊரில் கோவில் எழுப்புவார்களே, அப்படி. ஜாக்சனின் படத்தில் ஊருக்கு ஒன்றும் ஆவதில்லை. நேரம் போதவில்லை என்று அவர்களுக்குக் காரணம் இருக்கலாம். தோட்டக்காரனுக்கு மண் கொடுத்த காட்சியை வெட்டியிருக்க வேண்டாம். ஆஸ்டின் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது முகம் எப்படி இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

கடைசிக் காட்சி அப்படியே இருக்கிறது. ஃபுரோடோவைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு சாம் வீடு திரும்புகிறான். ஒரு சின்னப் பெண் ஓடி வந்து அவன் கையில் ஏறிக்கொள்கிறாள். அது ஆஸ்டினின் சொந்த மகள். வந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போகிறான். வட்டமான மஞ்சள் கதவு மூடுகிறது. வாசலில் பூச்செடிகள், வேர் பிடித்தவை.

நன்றி, வணக்கம்.