பாயிண்ட்டைக் கழற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் வண்டியில் இருக்கும் எல்லாக் கோளாறும் அதோடு தீர்ந்துவிடும் என்று நம்பிப் போடாதீர்கள்.

பாயிண்ட் செய்யும் வேலை என்ன? அது ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் கரண்ட் காயில் என்ற கம்பிச்சுருளுக்குள் ஓடி காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டில் மேடுகளோடு இருக்கும் கேம் சுற்றிவந்து பாயிண்ட்டைத் திறந்ததும் கரண்ட் அறுபடுகிறது, காந்தப்புலம் சட்டென்று சரிகிறது, காயிலின் இன்னொரு சுற்றில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. ஷாஃப்டின் தலையில் சுற்றும் ரோட்டார் அதை அந்தந்த ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. கூடவே இருக்கும் கண்டென்சர், பாயிண்ட் திறக்கும் நேரத்தில் அங்கே தீப்பொறி அடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் உருவாக்கிய இந்த அமைப்பு அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்க ஓடியது. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1973 மாடல் கார்களில் எலெக்ட்ரானிக் இக்னிஷனையே பொதுவாக்கியது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், அந்தப் பாயிண்ட் நொடிக்கு நூறு தடவை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் தடவை. தேயாமல் என்ன செய்யும்? கேமில் உரசும் பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கும். வண்டி இழுவை குறைந்து, சூடேறி, பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. மெல்ல மெல்ல நடப்பதால்தான் ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை.

எலெக்ட்ரானிக் இக்னிஷனில் பாயிண்ட் இருந்த இடத்தில் உட்காரும் மின்னணுப் பாகமான மாட்யூலில் உரசும் பாகமே கிடையாது. ஷாஃப்டில் மாட்டும் காந்த வளையத்தை ஹால் சென்சார் ஒன்று உணர்ந்து, டிரான்சிஸ்டர் மூலம் காயில் கரண்டை அறுக்கிறது. சில வகைகளில் காந்தத்துக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும். இதன் உண்மையான பலன் இதுதான். குதிரைத்திறன் கூடும் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். காயில் பழையதாகவே இருந்தால் பொறியும் பழைய பொறிதான். நன்றாக வைத்த பாயிண்ட்டுக்கும் மாட்யூலுக்கும் சாதாரண ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவே தெரியாது.

அதனால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடினால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னே தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், இன்ஜினின் உறிஞ்சலை வைத்து டைமிங்கை மாற்றும் வாக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். எந்த மாட்யூலும் இவற்றைக் குணப்படுத்தாது. உள்ளே நகரும் தட்டையும் உடலையும் இணைக்கும் சின்ன எர்த் வயர் ஒன்று இருக்கும், அதையும் கவனியுங்கள். அது அறுந்திருந்தால் புது மாட்யூல் விட்டுவிட்டு வேலை செய்யும், பழி மாட்யூல் மேல் விழும்.

மாட்யூல்கள் கருகுவது பெரும்பாலும் காயில் விஷயத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பல பழைய கார்களில் காயிலுக்கு முன்னால் பாலாஸ்ட் என்ற மின்தடை இருக்கும். சிலவற்றில் அது தனிப் பாகமாகத் தெரியாது, ஒயரிங்குக்குள்ளேயே தடைக்கம்பியாக ஓடும். அப்படிப்பட்ட வண்டியில் காயிலின் தடை சுமார் 1.5 ஓம்தான். பாலாஸ்ட்டை நீக்கி அதற்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர் வரை ஓடப் பார்க்கும். 3 ஓம் காயிலில் அது 4 ஆம்பியர். ஆகவே மல்டிமீட்டரால் காயிலை அளந்து, மாட்யூல் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சத் தடையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கை வையுங்கள். மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் தேவையென்றால் அதன் சப்ளை ஒயரைப் பாலாஸ்ட்டுக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும் பாசிட்டிவ் எர்த் வகைப் பழைய கார் என்றால் அதற்கென்றே செய்த மாட்யூல் வாங்குங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் பல மாட்யூல்கள் அந்த நொடியே போய்விடும்.

பிளக் ஒயர்கள் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால், இரைச்சலை அடக்கும் தடையுள்ள ஒயர்களாக மாற்றிவிடுங்கள். செம்புக் கம்பி கிளப்பும் மின் இரைச்சல் சென்சாரைக் குழப்பும், ரேடியோவிலும் கேட்கும். காயிலின் நெகட்டிவ் பக்கம் இருக்கும் பாயிண்ட் கண்டென்சரைக் கழற்றிவிடலாம். பாசிட்டிவ் பக்கம் ரேடியோ இரைச்சலுக்காக ஒன்று இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு இக்னிஷனை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்போது காயில் வழியே கரண்ட் ஓடிக்கொண்டே இருந்து மாட்யூல் சூடேறலாம்.

பொருத்தி முடித்ததும் டைமிங் லைட் வைத்து மறுபடி டைமிங் பாருங்கள். மாட்யூல் பொறி விடும் இடம் பாயிண்ட் திறக்கும் இடத்தோடு ஒத்துப்போகாது. வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கார் கையேடு சொல்லும் வேகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றைக் காட்டும் பழைய வகை டாக்கோமீட்டர் சிலவற்றின் முள் இதற்குப் பிறகு நடுங்கும், அல்லது அசையவே அசையாது. அந்த வகை, காயிலுக்குப் போகும் கரண்டை வைத்துச் சுற்றை எண்ணுவது. அதன் ஒயர் இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக, கழற்றிய பாயிண்ட் செட்டையும் கண்டென்சரையும் தூக்கி எறியாதீர்கள். தேய்ந்த பாயிண்ட் மிஸ்ஸிங் கொடுத்து, இழுவை குறைந்து, பல நாள் முன்னாலேயே எச்சரிக்கும். மாட்யூல் போனால் ஒரேயடியாகப் போய்விடும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் அந்தப் பாயிண்ட் செட், கண்டென்சர் இரண்டோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஒரு டப்பியில் போட்டு டிக்கியில் வையுங்கள். பாயிண்ட் இடைவெளி எவ்வளவு, எந்தத் திருகு எங்கே என்று டப்பி மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.